நான் மொழிபெயர்க்காமல் விட்டது

என் மகளுக்கு மூன்று வயது முடிந்த கையோடு கரப்பான் வந்தது. பயப்படும்படியான வியாதி இல்லை. இடது கன்னத்தில் சொரசொரவென்று ஒரு திட்டு, இடது முழங்கையின் உள்மடிப்பில் ஒரு திட்டு, அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு திட்டும் எங்கள் வீட்டு நிம்மதியைக் கெடுத்துக்கொண்டிருந்தன. பிள்ளை சாப்பிடும்போது சொறிவாள், விளையாடும்போது சொறிவாள், தூக்கத்திலும் சொறிவாள். காலையில் தலையணை உறையில் புள்ளி புள்ளியாக இரத்தம் இருக்கும். மருந்து பூசினால் போகும், பத்து நாளில் அதே இடத்தில் திரும்பி வரும்.

காரணம் கருவாடு என்று நான் முடிவு செய்தேன். நான் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அது பிறகு சட்டம். எனக்கு அந்தக் குணம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கருவாட்டோடு சேர்த்து நெத்தலி, தக்காளி, கத்தரிக்காய் எல்லாவற்றுக்கும் வீட்டில் தடை போட்டேன். என் மனைவி நுவரெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், கருவாடு இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு வருடம் முழுவதும் பருப்பையும் கீரையையும் பிசைந்து சாப்பிட்டாள். திட்டு திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும், "பக்கத்து வீட்டு காம்பராவுல போயி ஒளிச்சு தின்னியா?" என்று கேட்பேன். "தின்னாலும் நான்தானே தின்னேன், பாப்பாவா தின்னா?" என்பாள். அதற்கு நான் குரலை மட்டும் உயர்த்துவேன்.

நான் எஹலியகொடைக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறேன். பால் வெட்டுகிறவர்கள் கொண்டுவரும் பாலை வடிகட்டித் தொட்டியில் ஊற்றி, அது உறைவதற்கு ஆசிட் கலப்பது என் வேலை. உறைந்ததை மெஷினில் கொடுத்து ஷீட்டாக உருட்டி, ஈரத்தோடு வலது தோளில் போட்டுக்கொண்டு காயவைக்கும் புகைக்கூட்டுக்குச் சுமப்பதும் என் வேலைதான். சாயங்காலம் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தால், முற்றத்தில் கால் வைக்கும் முன்னரே மகள் ஓடி வருவாள். அள்ளி இடுப்பில் வைத்துக்கொள்வேன். அப்படியே ஒரு சுற்று, கோயில் வரை போய் வருவோம். குளிப்பு, தேத்தண்ணீர் எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தக் கால்மணி நேரம் இல்லாவிட்டால் எனக்கு அன்றைய நாள் முடிந்த மாதிரியே இருக்காது.

பட்டணத்துத் தோல் கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒரு நாள் வேலையும் போய்விடும். இரண்டாவது தடவை போனபோது அங்கிருந்த நர்ஸ், "இனி மாதா மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், படம் அனுப்புங்கள், டொக்டர் வீடியோ கோலில் பார்ப்பார்" என்று ஒரு நம்பர் கொடுத்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. போனில் சினிமா பார்க்கலாம் என்று தெரியும், கரப்பானைக் காட்டலாம் என்று தெரியாது.

முதல் படத்தை என் மனைவி எடுத்தாள். டொக்டர் பார்க்கப் போகிறாரே என்று பிள்ளையைக் குளிப்பாட்டி, முகத்துக்குப் பவுடர் அப்பி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, தீபாவளிச் சட்டையும் போட்டுவிட்டிருந்தாள். திருஷ்டிப் பொட்டு சரியாகத் திட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. "பிள்ளை மிகவும் அழகு. வருத்தமுள்ள இடம் எங்கே?" என்று டொக்டர் சிங்களத்தில் பதில் போட்டிருந்தார். அதை நான் லயம் முழுக்க வாசித்துக் காட்டினேன். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வீடியோ கோலுக்கு ஒரு புதன்கிழமை நாலரை மணிக்கு நேரம் கிடைத்தது. அன்றைக்குப் பால் அதிகம், வேலை முடியவே நாலே கால் ஆகிவிட்டது. குளிக்க நேரமில்லாமல் அப்படியே ஓடி வந்தேன். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் சிக்னல் நிற்காது, வாசற்படியில்தான் நிற்கும். மனைவி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. மனைவிக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம். நடுவில் நான் மொழிபெயர்ப்பாளர். சொந்த வீட்டு வாசலில் கிடைத்த பதவி அது, கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன்.

டொக்டர் சின்ன வயதுப் பெண், ஒன்றுக்கும் அவசரப்படவில்லை. என்ன சோப், எத்தனை தடவை குளிப்பாட்டுகிறீர்கள், நகம் வெட்டுகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் கருவாட்டுக் கதையை விலாவாரியாகச் சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. "இரண்டு கையிலும் வர வேண்டியது, இடப் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு அதிகமாக இருக்கிறது?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? கன்னத்தை நன்றாகப் பார்க்க வேண்டும், பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்துங்கள் என்றார். நான் வழக்கம் போல மகளை வலது இடுப்பில் தூக்கி வைத்தேன். அவளும் வழக்கம் போல இடது கையை என் கழுத்துக்குப் பின்னால் போட்டு, இடது கன்னத்தை என் வலது தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"ஒரு நிமிடம், அப்படியே நில்லுங்கள்" என்றார் டொக்டர். பிறகு, "அது என்ன சட்டை?" என்றார்.

சொன்னேன். ஆசிட், ஷீட், தோள், எல்லாம் சொன்னேன். அவர் தன் சட்டையின் தோள்பட்டையை இரண்டு விரலால் பிடித்து இழுத்துக் காட்டி, என் தோளையும் சுட்டி, மெதுவாக விளக்கினார். பிள்ளையின் தோல் பிறவியிலேயே இலகுவில் வறண்டுபோகிற தோல், அதை யாரும் கொண்டுவரவில்லை. ஆனால் ஆசிட் தண்ணீர் ஊறிய சட்டையில் தினமும் போய் உரசினால் ஆறுகிற புண்ணும் ஆறாது. இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளும், குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்கிப் பாருங்கள் என்றார். சோப்பை மாற்றி, நகத்தை வெட்டி, கிரீமையும் எண்ணெய்ப் பூச்சையும் விடாமல் பூசச் சொன்னார்.

"என்னாங்க சொல்றாங்க?" என்றாள் மனைவி.

"சோப்ப மாத்தச் சொல்றாங்க. கிரீம் பூசணுமாம். நகத்த வெட்டணுமாம்" என்றேன்.

எல்லாம் டொக்டர் சொன்னவைதான், ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சட்டையை மட்டும் விட்டுவிட்டேன். ஒரு வருடமாகக் கருவாட்டைப் பிடித்துத் தொங்கியவன், குற்றவாளி என் தோள்தான் என்று எந்த வாயால் சொல்வது? அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று இருந்தது. சொல்லிவிட்டால், நாளைச் சாயங்காலம் அவள் ஓடி வரும்போது நான் விலகி நிற்க வேண்டும். எனக்கு அது முடியாது என்று பட்டது. டொக்டர்தான் உறுதியில்லை என்றாரே என்று மனதுக்குள் வக்காலத்து வாங்கிக்கொண்டேன். மறுநாளும் அதே சட்டையோடு அவளை அள்ளினேன், அடுத்த நாளும் அள்ளினேன். மனைவி கிரீமைப் பூசினாள், நகத்தை வெட்டினாள், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எட்டாம் நாள் பிள்ளை கன்னத்தைச் சொறிந்து தோலை உரித்துவிட்டாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து அடுத்த கோல் வந்தது. மழை, படம் விட்டு விட்டுத் தெரிந்தது. டொக்டர் கன்னத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அரிப்பு குறைந்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். கேட்டேன்.

மனைவி போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "கொறையலன்னு சொல்லுங்க. அன்னிக்கி சட்டையப் பத்தி நீங்க சொன்னத எம்புருசன் எங்கிட்ட சொல்லவே இல்லன்னும் சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்பிடி தெரியும்?"

"அவங்க சட்டையப் புடிச்சு இழுத்து ஒங்க தோளக் காட்டினாங்களே, அதுக்குமா சிங்களம் படிக்கணும்? நீங்களா சொல்லுவீங்கன்னு பதினாலு நாளா பாத்துக்கிட்டு இருக்கேன். பாப்பா கன்னத்த உரிச்சிக்கிட்ட அன்னிக்காவது சொல்லுவீங்கன்னு நெனச்சேன். இப்ப சொல்லுங்க டொக்டரம்மாகிட்ட."

கோபத்தில் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. போனுக்குள் டொக்டர் காத்திருந்தார். என் மனைவி என்னைப் பற்றிச் சொன்ன புகாரை, நானே என் வாயால், ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். அந்தப் பதினாலு நாளும் நான் அதே சட்டையோடுதான் தூக்கினேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கருவாடு சாப்பிடலாமா என்றும் நானே கேட்டேன். தாராளமாக என்றார். அதை மட்டும் மனைவிக்கு மிகவும் தெளிவாக மொழிபெயர்த்தேன்.

டொக்டர் திட்டவில்லை. "தொடங்காத வைத்தியம் பலிக்காது, இன்றைக்குத் தொடங்குங்கள்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். மாற்றுச் சட்டை எடுத்துப் போக மறந்துபோயிருந்தேன். முற்றத்தில் கால் வைத்ததும் மகள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் பின்வாங்கினேன். "கிட்ட வராத பாப்பா!" என்றேன், பயத்தில் குரல் அதட்டலாகவே வந்துவிட்டது. அவள் பாதி வழியில் விரித்த கையோடு அப்படியே நின்றாள். நான் அவளை அதட்டியதே இல்லை. உதடு பிதுங்கி அழத் தொடங்கினாள். மனைவி வந்து தூக்கிக்கொண்டாள். நான் தண்ணீர் கொட்டும் பீலிக்கு ஓடிச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குளித்தேன். எனக்கும் அழுகை வந்தது.

தலையைத் துவட்டிவிட்டு வந்து கையை நீட்டினேன். மகள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு என்னிடம் தாவி, இடது கன்னத்தை என் வெறும் தோளில் வைத்தாள். இத்தனை நாளும் நடுவில் சட்டை இருந்ததால் எனக்குத் தெரியவில்லை, அந்தத் திட்டு அவ்வளவு சொரசொரப்பு.

"அப்பாவ மன்னிச்சிரு பாப்பா" என்றேன்.

"ஏம்ப்பா?"

அவளுக்குப் புரியும்படி எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையில் இருந்த ஆசிட், டொக்டர் சொன்னது, நான் அம்மாவிடம் சொல்லாமல் விட்டது, எதையும் விடவில்லை.

"அப்ப நாளைக்கு சீக்கிரமா குளிங்க" என்றாள்.