தீவுக்குப் போகிறாளாம்

மகள் என்னைப் படத்துக்குக் கூட்டிப் போகிறாள் என்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று நான் முதலே யோசித்திருக்க வேண்டும். அதுவும் ஜப்பான் படம். எங்கள் பரமட்டா ஸ்டேஷனில் ரயில் ஏறியதும் சொன்னாள்: யூனியில், அதுதான் பல்கலைக்கழகத்தில், இடம் கிடைத்துவிட்டதாம், ஆனால் ஒரு வருடம் கழித்துத்தான் போவாளாம். அதுவரை வடக்கே ஏதோ தீவில் ஹோட்டல் குசினி வேலையாம்.

"முதல்ல படத்தைப் பாருங்கோ அம்மா. பிறகு ஏசுங்கோ."

பார்த்தேன். டோக்கியோவில் ஒட்டாத நாலு இளசுகள் ஒரு தீவுக்குப் போய் அன்னாசித் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். ஊர்ச்சனம் அவர்களை ஒருமாதிரிப் பார்க்கிறது. கொட்டுகிற மழையில் நனைகிறார்கள். ஒருவரும் தலை துவட்டுவதாக இல்லை. ஒருத்தியின் காலைப் பாறை வெட்டி இரத்தம் ஓடுகிறது. கடல் தண்ணீரில் கழுவிவிட்டுச் சிரிக்கிறாள்.

"காயம் பட்டால் போடுற ஏற்பு ஊசி போட்டவளோ?"

"அம்மா, இது படம்."

"படமெண்டால் ஏற்பு வராதோ?"

முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். மகள் கதிரைக்குள் புதைந்துபோனாள்.

கீழே ஓடுகிற இங்கிலிஷ் எழுத்தில் பாதிதான் எனக்குப் பிடிபடும். மிச்சத்தை அவள் காதுக்குள் சொன்னாள். ஒரு தாய் தொலைபேசியில் அழுகிறாள், எழுத்து மூன்று வரிக்கு ஓடுகிறது. "சாப்பிட்டியோ எண்டு கேக்கிறா" என்றாள் மகள். மூன்று வரிக்கு அவ்வளவுதானா? எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

கடைசியில் நாலு பேரும் இறங்குதுறையில் நிற்கிறார்கள். படகு வருகிறது. அவ்வளவுதான், லைற்றைப் போட்டுவிட்டார்கள்.

"ஏறினவையோ, இல்லையோ?"

"அது எங்கட இமாஜினேஷனுக்கு அம்மா."

"அதை நான் வீட்டில இருந்தே செய்வன். டிக்கெட் எடுத்து வரவேணுமோ?"

திரும்பும்போது ஸ்டேஷனில் மறுபடி தொடங்கினாள். "ஜஸ்ட் வன் இயர் அம்மா. எல்லாரும் செய்யினம்."

"நானும் ஒரு வருசம் எண்டுதான் பள்ளிக்கூடத்தை நிப்பாட்டினனான்."

நான் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது சண்டையில் இடம்பெயர்ந்தோம். வாற தைக்குத் திரும்பப் பள்ளியில் சேர்க்கலாம் என்றார் அப்பா. தை வந்தது. பிறகும் வந்தது. நான் தம்பிமாரைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே நின்றுவிட்டேன். இதுவரை அவளிடம் இதைச் சொன்னதில்லை, அன்றுதான் சொன்னேன். அவளுக்கும் அப்படி ஆகாது என்று யார் எனக்குச் சொல்வது?

அவள் போனை எடுத்தாள்.

"திரும்பி வாற பிளேனை இப்பவே புக் பண்ணுறன். பெப்ரவரி, யூனி தொடங்க முதல். உங்கட கண்ணுக்கு முன்னாலதான், பாருங்கோ."

கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்தேன்.

"செவ்வாய்க்கிழமையோ? செவ்வாயில வெளிக்கிடக் கூடாது."

"அம்மா!"

"புதன் பார். மத்தியானம் ராகுகாலம், காலமை இருந்தால் எடு."

எங்கள் ரயில் வந்து நின்று போய்விட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு புதன்கிழமைக் காலைப் பிளேன் தேடிக்கொண்டிருந்தாள்.