கேஸ் தீராது, ஒழுகும்

கார் ஏசி வேலை பார்க்கும் உங்களுக்கும் "கேஸ் மட்டும் அடிச்சு விடுங்க" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பட்டறையில் இருந்தது நாலு பேர்: நான், என்னோடு பதினாறு வருஷமாக வேலை பார்க்கும் செல்வம், ராஜபாளையம் டாக்ஸிக்காரர் மாரியப்பன், அவர் காரில் வாரம் மூன்று நாள் மதுரைக்கு டயாலிசிஸ் போகும் ஓய்வுபெற்ற டீச்சர். இன்றும் ஏசி ஓடாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாக டீச்சர் சொல்லியிருந்தார். மாரியப்பனுக்கு நிரந்தரச் சவாரி அது ஒன்றுதான்.

ஒன்றரை மணி நேரம்

மாரியப்பன் ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாகக் கேஸ் கேட்டார். கேஸ் பெட்ரோல் மாதிரிச் செலவாவதில்லை. கம்ப்ரஸர் அதை அமுக்கி அனுப்பும். முகப்பில் இருக்கும் கண்டென்சரில் காற்றுப் பட்டு, சூட்டை விட்டுத் திரவமாகும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஆவியாகி, உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொண்டு திரும்பி வரும். குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு குழாய் இணைப்பில் குமிழி வந்தது. ரப்பர் வளையம் மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றேன். ஒழுகுகிற வண்டியில் கேஸ் அடிக்கமாட்டேன் என்றும் சொன்னேன். எனக்குச் சத்தம் போட வராது, பல்லைத்தான் கடித்தேன்.

டயாலிசிஸுக்கு நேரமாகிறது என்று அவர் பக்கத்துக் கடைக்கு வண்டியை விட்டார். போகும்போது செல்வத்திடம் சொன்னது: "ஊசி போடச் சொன்னா உங்க அண்ணாச்சி பெட்டுல படுக்கச் சொல்லுதாரு."

முகப்பில் பெருமாள்

முக்கால் மணி நேரத்தில் கிருஷ்ணன்கோவிலிலிருந்து போன் வந்தது. ஏசி நின்றுவிட்டது. நானும் செல்வமும் பைக்கில் போனோம். பக்கத்துக் கடைக்காரன் எடை பார்க்காமல் குத்துமதிப்பாக அடைத்திருந்தான். அது போதாதென்று மாரியப்பன், வழியில் யாரோ கொடுத்த, எங்கள் ஊர்ப் பக்கத்து மலைக்கோவிலான திருவண்ணாமலைப் பெருமாள் பிளக்ஸை முகப்பு முழுக்க இழுத்துக் கட்டியிருந்தார். கண்டென்சருக்குக் காற்றே இல்லை. அழுத்தம் ஏறி, கம்ப்ரஸர் தானாக நின்றிருக்கிறது.

கொண்டுபோன காலி சிலிண்டரில், அதிகமாக அடைத்திருந்த கேஸ் நூற்றிருபது கிராமை இறக்கினேன். பிளக்ஸை அவிழ்க்கச் சொன்னேன். "சனிக்கிழமையும் அதுவுமா சாமி படத்தை அவுக்கச் சொல்லுதியளே" என்றார் மாரியப்பன். பின்சீட்டில் ஈரத்துண்டோடு சாய்ந்திருந்த டீச்சர் கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "பெருமாளுக்கு வேர்க்காதுய்யா, எனக்குத்தான் வேர்க்குது."

சாயங்காலம்

பிளக்ஸை அவிழ்த்த பிறகு ஏசி ஓடியது. மதுரை போய்த் திரும்பி, டீச்சரை வீட்டில் விட்டுவிட்டு ஆறு மணிக்கு மாரியப்பன் வந்தார். வளையத்தை மாற்றி, வேக்கம் போட்டுக் குழாயில் இருந்த காற்றை இழுத்துவிட்டு, எடை பார்த்துக் கேஸ் நிரப்பினேன். ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு மணி இருபது நிமிஷம். உள்ளே ஏழு டிகிரி காட்டியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. செவ்வாய்க்கிழமைக்கு டீச்சர் வேறு வண்டி சொல்லிவிட்டாராம்.

சாவியை வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னது: "காலைலயே நீங்க என்னை ரெண்டு சத்தம் போட்டு நிறுத்தியிருக்கலாம்லா, அண்ணாச்சி."

அன்று பக்கத்துக் கடையில் கேஸ் கேன் முழுக்கத் தீர்ந்துவிட்டதாம். நான் வாங்கி வைத்த பன்னிரண்டு கேனில் மிச்சம் பதினொன்று.