பம்பு போச்சுங்க

எங்கள் மலையூரான அரியூர் நாட்டில் மரவள்ளியைப் பிடுங்கிப் போட்ட அன்றுதான் எங்கள் டிராக்டர் சோர்ந்தது. கியருக்குப் பதிலாக, ஒரு பம்பு தள்ளும் எண்ணெயின் அழுத்தத்தில் ஓடும் பழைய வண்டி அது. சூடேறியதும் மேடு ஏற மறுத்தது. கிழங்கு கறுப்பதற்குள் ரோட்டுக்குக் கொண்டுபோயாக வேண்டும்.

நாமக்கல்லிலிருந்து வந்த மெக்கானிக்குக் கவலையெல்லாம் தன் வெள்ளைச் சட்டை மேல்தான். வண்டியைக் கையால் தொடவே இல்லை. ஷூ நுனியால் டயரை உதைத்தார், அவ்வளவுதான் பரிசோதனை.

"பம்பு போச்சுங்க. புதுசு மாட்டணும்."

"ஏனுங்க, ஃபில்டரக் கழட்டிப் பாக்கலீங்களே?" என்றாள் என் மனைவி.

"அதெல்லாம் கத்துக்குட்டிங்க பாக்கறதுங்க. எனக்குச் சத்தத்துலயே தெரிஞ்சுரும்."

அவர் போனதும் நாங்களே கழற்றினோம். ஃபில்டர் முழுக்கக் கருஞ்சேறு அடைத்திருந்தது. அதையும் எண்ணெயையும் மாற்றியதும் வண்டி கிழங்குச் சுமையோடு மேடேறியது.

மறுவாரம் சோளக்காட்டுச் சந்தையில் அவர் என் டிராக்டரைக் காட்டி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "செத்த வண்டிங்க அது. நாந்தான் எழுப்பி உட்டேன்."

என்னைக் கண்டதும் வாயை மூடுவார் என்று நினைத்தேன். "ஓனரே வந்துட்டாருங்க, கேட்டுப் பாருங்க" என்று என் தோளில் கைபோட்டார். முகத்தில் துளிக் கூச்சமில்லை. பொய் சொன்னாரா, அதை உண்மையென்றே நம்பினாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.