அத்தை திரும்பிப் போன சனிக்கிழமை

எங்கள் ஊரில் பயணத்துக்கு ஆங்கில வார்த்தைகள் நிறைய இருந்தன. ஆனால் எல்லா வார்த்தையையும் எல்லாரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. ‘ட்ரிப்’ பக்கத்துக் காட்டு மாமாவுடையது. மாட்டுவண்டி வைத்திருந்தவரை அவர் “ரெண்டு நடை எரு அடிச்சேன்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். டிராக்டர் வாங்கிய மறுநாளே நடை ட்ரிப்பாகிவிட்டது. ‘கேம்ப்’ ஆபீசர்களுடையது. தருமபுரிக்கு ஒரு கையெழுத்துக்காகப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பினால், அய்யா கேம்ப் போயிருக்கிறார் என்று நாங்களே புரிந்துகொள்வோம். ‘டூர்’ உபதேசியாருடையது. கோயிலில் ஜெபம் சொல்லிவைக்கும் அவர்தான் வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் பேசி வேளாங்கண்ணிக்கு ஆள் சேர்ப்பார். அம்மா தன் பிறந்த வீட்டுக்குப் போவதற்கு மட்டும் ஆங்கிலம் கிடையாது. அது வெறுமனே ஊருக்குப் போவது.

‘ஹோம் விசிட்’ என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்கே சொந்தமாக இருந்தது. ஏனென்றால் என் அத்தை சிஸ்டர். பதினெட்டு வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்து, இரண்டு நாள் ரயிலில் போகவேண்டிய ஏதோ வடக்கத்தி ஊரில் பள்ளிக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, கணக்காகப் பதினைந்து நாள், ஹோம் விசிட் வருவார்.

அத்தை அப்பாவுக்கு ஒன்பது வயது இளையவர். அப்பா இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கை. ஆனால் அவர் மடத்தில் துறவற வார்த்தைப்பாடு கொடுத்த நாளிலிருந்து அப்பா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “வாங்க சிஸ்டர், சாப்புடுங்க சிஸ்டர்” என்பார். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அதுதான் வழக்கம். அத்தைக்கென்று ஒரு எவர்சில்வர் தட்டு உண்டு. மூன்று வருஷம் துணியில் சுற்றிப் பரணில் கிடக்கும். அவர் வந்தால் இறங்கும். நாங்கள் எல்லாரும் ராகிக் களி சாப்பிடும்போது அந்தத் தட்டில் மட்டும் அரிசிச்சோறு விழும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அப்பா முன்வரிசையில் போய் நிற்பார். யாரும் அவருக்கு அந்த இடத்தைக் கொடுத்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. சிஸ்டரின் அண்ணன் வேறு எங்கே நிற்பார்?

நான் ஆறாவது படித்த வருஷம், பங்குனி வெயிலில் அத்தை வந்தார். மற்ற தடவைகளில் ஒரு சின்ன ரெக்சின் பையோடு வருவார். இந்தத் தடவை மடத்தில் சேர்ந்தபோது கொண்டுபோன தகரப் பெட்டியையே கொண்டுவந்திருந்தார். தலையில் முக்காட்டுத் துணி இல்லை, கழுத்தில் சிலுவை இல்லை, வெறும் வெள்ளைச் சேலை. அம்மா அந்தப் பெட்டியை ஒரு நிமிஷம் பார்த்தாள். “வெயிலு தாங்கலீங்களா சிஸ்டர்?” என்று மட்டும் கேட்டாள். அத்தை ஆமாம் என்றார்.

அத்தை மடத்தை விட்டு வந்துவிட்டார். இனிமேல் திரும்பிப் போக அவருக்கு இடமும் இல்லை, மனமும் இல்லை. எனக்கு இது முழுசாக இருபது வயதில்தான் புரிந்தது. வாசலில் இறங்கியதும் அண்ணனிடம் சொல்லிவிடுவது என்று ரயில் முழுக்கப் பாடம் பண்ணிக்கொண்டு வந்தாராம். அண்ணன் ஓடிவந்து “வாங்க சிஸ்டர்” என்று பெட்டியை வாங்கியதும் வாய் அடைத்துப்போயிற்றாம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் அண்ணனுக்கு முன்வரிசை போய்விடும், தனக்கு இந்த வீடும் இருக்குமோ என்னவோ என்ற பயம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தார். சிஸ்டர்களைக் கேள்வி கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லாததால் யாரும் கேட்கவும் இல்லை. பதினைந்து நாள் போய் இருபதாயிற்று. அரிசிப் பானையைத் தடவிப் பார்த்து அம்மா பெருமூச்சு விட்டாள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் பயணத்தைக் கையில் எடுத்தார். கரும்பலகையில் ஐந்து வார்த்தைகளை எழுதிப் போட்டார். டிராவல் என்பது பொதுவாகப் பயணம் செய்வது. ஜர்னி என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவது, திரும்பினாலும் சரி, திரும்பாவிட்டாலும் சரி. வாயேஜ் கடலில் போவது. டூர் பல இடம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வருவது. ட்ரிப் கொஞ்ச நாளைக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுவது. வீட்டில் நடக்கிற விஷயத்தை வைத்தே ஐந்துக்கும் வாக்கியம் எழுதி வரச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: “ட்ரிப்னு எழுதுனா திரும்பி வர்றதும் வாக்கியத்துல தெரியணும். இல்லைன்னா பாதி மார்க்குதான்.”

கடல் பார்த்திராத எங்களுக்கு வாயேஜ்தான் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். நான் அதை ஒரு மீனவனைக் கற்பனை செய்து சுலபமாக முடித்துவிட்டேன். டூருக்கு உபதேசியார் இருந்தார். ட்ரிப்புக்கு டிராக்டரை எழுதலாம் என்றால் வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் எழுதுவார்கள். எனக்கு அத்தை இருக்கும்போது எரு எதற்கு? நோட்டை எடுத்துக்கொண்டு, கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த அவரிடம் போனேன்.

“அத்தை, நீங்க வந்திருக்கறது ட்ரிப்பா, ஜர்னியா?”

அத்தை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினார். நான் டீச்சர் சொன்ன விளக்கங்களை ஒப்பித்தேன். ட்ரிப்புக்கு நேரே காலியாக இருந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

“தெரியல கண்ணு. அந்த எடத்தக் காலியா வுட்டு வை” என்றார்.

பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவருக்கு ட்ரிப் தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் காலியாக விட்டால் மார்க் போய்விடும். நானே எழுதினேன். என் அத்தை ஒரு ட்ரிப்பாக வீட்டுக்கு வந்திருக்கிறார், சனிக்கிழமை திரும்பிப் போகிறார் என்று. சனிக்கிழமை என்பது நானாகப் போட்டது. திரும்புவது தெரியவேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு, நானும் தருமபுரி வரை வழியனுப்பப் போகலாம். முழு மதிப்பெண்ணுக்காக என் அத்தையை நான் ஊரைவிட்டு அனுப்பினேன்.

டீச்சர் என் வாக்கியத்தைத்தான் வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டினார். தமிழிலும் விளக்கினார். முப்பது பிள்ளைகள் அதை முப்பது வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிரசங்கத்தில் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு சுத்தமாகப் போய்ச் சேர்ந்திருக்காது.

சிஸ்டர் புறப்படும் நாளில் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பதும் எங்கள் ஊர் வழக்கம். சனிக்கிழமை விடிந்ததிலிருந்து வாசலில் ஆட்கள். ஒரு வீட்டிலிருந்து புளி, ஒரு வீட்டிலிருந்து வறுத்த கடலை, இன்னொன்றிலிருந்து ராகி மாவு. பக்கத்துக் காட்டு மாமா இந்து. அவருக்கும் சிஸ்டர் என்றால் மரியாதை. தீர்த்தமலைக் கோயிலுக்குப் போய்வந்த விபூதியை நெற்றியில் வைத்துக்கொண்டு, ஒரு கூடை மாங்காயோடு டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். உபதேசியார் வழிப்பயண ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள், அப்பா அம்மாவைப் பார்த்தார். நம்மிடம் சொல்லாமல் சிஸ்டர் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாரே என்று இரண்டு பேருக்கும் மனத்தாங்கல். அத்தை கூட்டத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பெருமையாகச் சிரித்தேன். அவர் உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அப்பா, அத்தை, நான் மூன்று பேரும் மூட்டைகளுக்கு நடுவே நின்றோம். மெட்ராஸ் போய் அங்கிருந்து ரயில் ஏறவேண்டும். முதல் பஸ் வந்தது. கூட்டமாக இருக்கிறது, அடுத்ததில் போகிறேன் என்றார் அத்தை. அடுத்தது காலியாக வந்தது. ஜன்னலோர இடம் இல்லை என்றார். அப்பாவுக்கு அது ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது பஸ் வந்ததும் அவர் கேட்கவே இல்லை. தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, மேலே போட, பஸ்ஸின் பின்பக்க ஏணியில் ஏறத் தொடங்கினார். பாதி ஏறியிருப்பார்.

“அண்ணா, பொட்டிய எறக்கிடுண்ணா” என்றார் அத்தை.

அப்படி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா ஏணியில் நின்றபடியே குனிந்து பார்த்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார். அப்பா மெதுவாக இறங்கி வந்தார். பஸ் போய்விட்டது. அப்பா என்னிடம் காசு கொடுத்து, கொய்யாக்காய் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். கேட்காமல் கிடைத்த கொய்யாக்காய் அது ஒன்றுதான் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது. பழமாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். திரும்பி வந்தபோது அப்பா பெட்டியின் மேல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அத்தை எதிரே நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் அழுதுவிட்டு முடித்திருந்தார்கள்.

அப்பா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஏ பாப்பா, வா. வூட்டுக்குப் போலாம்” என்றார்.

என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று பார்த்தால், அவர் பார்த்தது அத்தையை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் கேட்க சிஸ்டரை வா போ என்கிறாரே!

“அப்பா, சிஸ்டர்னு சொல்லுங்க” என்றேன், அவர் சட்டையைப் பிடித்து இழுத்து.

அத்தை சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.

ஊரில் இறங்கியபோது, காலையில் எங்களைக் கொண்டுவந்து விட்ட டிராக்டர் மாமா இன்னும் பஸ் நிறுத்தத்துப் புளிய மரத்தடியில்தான் இருந்தார். “ஏங்க, பஸ்ஸு கெடைக்கலீங்களா?” என்றார். இரண்டு மூன்று பேர் கூடிவிட்டார்கள்.

“பாப்பா இனிமே போவாதுங்க. இங்கியே இருக்கும்” என்றார் அப்பா. குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்தது.

மாமா பெட்டியை வாங்கி டிராக்டரில் வைத்தார். சாயங்காலம் அம்மா மூட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வீடு வீடாகப் போனாள். சிலர் வாங்கிக்கொண்டார்கள். சிலர், வைத்துக்கொள் என்றார்கள். மறுநாள் பூசையில் அப்பா பின்னால் போய்த் தூணோரம் நின்றார். முன்வரிசை காலியாகக் கிடந்ததைப் பார்த்து நான் போய் நின்றுகொண்டேன். யாரோ வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே மனசு கொதித்தது அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டின்போதுதான். அம்மா வழக்கம்போல அத்தையின் எவர்சில்வர் தட்டை எடுத்தாள். அப்பா அதை வாங்கித் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினார். நாங்கள் சாப்பிடுகிற, விளிம்பு நசுங்கிய அலுமினியத் தட்டு ஒன்றை அத்தை முன்னால் வைத்து, “பாப்பாவுக்கும் களியே போடு” என்றார். அம்மா களி உருண்டையைப் போட்டுக் கீரைக் குழம்பை ஊற்றினாள். அத்தை முதல் வாயை எடுத்து வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டார். இன்னோர் உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பஸ்ஸை விட்ட குற்றத்துக்காகவா ஒரு பெரிய மனுஷியை இப்படித் தண்டிப்பது என்று எனக்கு அப்பாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சரி, நாமாவது சிஸ்டரின் மரியாதையைக் காப்பாற்றுவோம் என்று தீர்மானித்தேன். திங்கட்கிழமை காலை, அப்பா காட்டுக்குப் போனதும், பரணில் ஏறி அந்தத் தட்டை எடுத்தேன். சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கழுவி, அத்தை உட்கார்ந்ததும் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அத்தை என்னைப் பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வாடிவிட்டது. தட்டை விரலால் தொட்டு, என் பக்கமாகத் தள்ளினார்.

“இது வந்துட்டுப் போறவங்க தட்டு கண்ணு. எனக்கு வேணாம். உன்னக் கட்டிக் குடுத்தப்பறம் உனக்கு எடுத்து வெப்பாங்க” என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த வீட்டில் எனக்கென்று தனித் தட்டு, அதில் அரிசிச்சோறு!

“எப்ப அத்தை எடுத்து வெப்பாங்க?” என்று ஆசையாகக் கேட்டேன்.