உளுந்து வேரில் முடிச்சு

பொறாமையால் ஒரு பயிரை அழித்திருக்கிறேன். ஊரில் கேட்டவர்களிடம் நோய் என்று சொன்னேன்.

திருப்புலிவனத்தில் எங்களுக்குக் கழனி இருக்கிறது. அதில் நெடுநாளாகக் கூலிக்கு வருபவள் ஒருத்தி, என்னைவிட மூத்தவள். நான் அவளை வா, போ என்பேன். அவள் என்னை வாங்க நைனா என்பாள். நெல் அறுத்ததும், முதன்முறையாக ஒரு துண்டு நிலத்தை, விளைச்சலில் பங்கு என்று, வாரத்துக்குக் கேட்டாள். உளுந்து நன்றாக வந்தால் அடுத்த போகமும் உனக்கே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

பக்கத்துத் துண்டில் நானும் உளுந்துதான் போட்டேன். விவசாய ஆபீசில் இருவருக்கும் கொடுத்த நுண்ணுயிர் உரப் பாக்கெட்டில் என்னுடையதை மாட்டுக் கொட்டகையில் எறிந்துவிட்டேன். அவள் தன்னுடையதை ஆறின கஞ்சியில் கலந்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைத்தாள். பூவெடுத்துப் பிஞ்சு விடும் சமயம் வரப்புக்கு இந்தப் பக்கம் என் உளுந்து வெளுத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் கரும்பச்சை.

அவள் செடி ஒன்றைப் பிடுங்கினேன். வேரெல்லாம் சின்னச் சின்ன உருண்டைகள்.

"வேர்ல கட்டி கீது. எம் பயிருக்கும் ஒட்டிக்கும். டிராக்டர் ஓட்டிட வேண்டியதுதான்."

"கட்டி இல்ல நைனா, முடிச்சு. நல்லதுக்குத்தான் வருது. ரெண்டு நாள் பொறுங்க, ஆபீசர இட்டாந்து காட்றேன்."

"இன்னா, எனக்கே வெவசாயம் சொல்லித் தர்றியா?"

அன்று மதியமே டிராக்டரை இறக்கி மடக்கி உழுதேன். நோய் என்று நம்புகிறவன் பிடுங்கிக் கொளுத்துவான். நான் அதே மண்ணில் புதைத்தேன். அவள் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, மண்ணில் கிடந்த பிஞ்சுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டு போனாள்.

என் வெளுத்த பயிரைப் பார்க்க ஆபீசர் வந்தார். வரப்போரம் தப்பியிருந்த அவள் செடியைப் பிடுங்கி, முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளினார். உள்ளே ரத்தச் சிவப்பு.

"உள்ள நுண்ணுயிர் உயிரோட இருக்கு சார். செடி இதுக்குச் சோறு போடுது. இது காத்துல இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சு செடிக்குக் குடுக்குது. ரெண்டுக்கும் பொழப்பு நடக்குது."

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பிடுங்கிய அன்றே எனக்கு அது நினைவு வந்திருந்தது.

அடுத்த போகம் அந்தத் துண்டில் நானே நெல் வைத்தேன். களையெடுக்க அவளும் கூலிக்கு வந்தாள்; வேறு எங்கே போவாள்? தழைச்சத்துக்கு நான் யூரியா மூட்டையைப் பிரித்தேன். அவள் குனிந்தபடியே சொன்னாள்.

"இதுக்கு யூரியா வேணாம் நைனா. மண்ணுக்குக் கீய என் உளுந்து கீது."

மூட்டையைக் கட்டிவைத்துவிட்டேன். அந்தத் துண்டில் அப்படி ஒரு விளைச்சலை அதற்குமுன் நாங்கள் கண்டதில்லை. அறுத்ததும் அவள்தான், கூலிக்கு.