தங்க எழுத்துக் காகிதம்

என் கையெழுத்து கோட்டில் நிற்காது. ஐந்தாவதோடு படிப்பை விட்டவன், எந்த ர எங்கே வரும் என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள். இதை வாயால் சொல்ல எனக்கு வராது.

உழவர்கரையில் மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜர் செய்யும் சின்னப் பட்டறையில் வேலை செய்கிறேன். செய்து முடித்ததைச் சோதித்து அனுப்புவதும், செத்துத் திரும்பி வந்ததைப் பிரித்துப் பார்ப்பதும் என் வேலை. ஒரு வருஷம் கோடையில் நிறைய திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒரே சாவு. பெரிய டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, பக்கத்தில் சர்க்யூட் பலகை கருகியிருக்கும். என் மேசையில் ஐந்து நிமிஷம் ஓடியபோது நன்றாகத்தான் இருந்தன. வாங்கியவர் வீட்டில் ஒரு மணி நேரம் பேட்டரியை ஏற்றியதும் போய்விட்டன.

முதலில் டிரான்சிஸ்டர் விற்ற கடைக்காரர்மேல் சந்தேகப்பட்டேன். பழையதைச் சுரண்டி புது எழுத்து அடித்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வேறு கடையில் வாங்கிப் போட்டோம். அதுவும் செத்தது. அடுத்து என் கண் டிரான்ஸ்ஃபார்மருக்குச் செம்புக் கம்பி சுற்றும் அம்மாமேல் போனது.

குருசுக்குப்பத்திலிருந்து வருபவர். சேர்ந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. அதுவரை வெயிலில் கருவாடு காயப்போட்டவர், முதல்முறையாக ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்கிறார் என்று எல்லோரிடமும் சொல்வார். பேசிக்கொண்டே சுற்றுவார். பேசினால் எண்ணிக்கை தப்பாதா? சுற்று குறைந்தால் டிரான்சிஸ்டர் தாங்காது. ஒருவேளை செம்புக் கம்பியை மிச்சம் பிடித்து வெளியே கொண்டுபோகிறாரோ என்றுகூட நினைத்தேன். தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது கனம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன்.

ஒருநாள் அவரே கேட்டுவிட்டார். "இன்னாண்ணா, எங் கையையே பாக்குறீங்க? மருதாணிகூட வெக்கலியே."

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் மீட்டரைத் திருகிக்கொண்டு குனிந்தேன்.

மறுநாளிலிருந்து எல்லோருக்கும் முன்னால் பட்டறைக்கு வந்தேன். அவர் முந்தின நாள் சுற்றி வைத்துவிட்டுப் போனதில் ஒன்றை எடுத்து, மஞ்சள் டேப்பைப் பிரித்து, அவிழ்த்து எண்ணினேன். நாற்பத்திரண்டு. சரியாக இருந்தது. திரும்பச் சுற்றி வைத்துவிட்டேன். இப்படி ஒன்பது பார்த்தேன். ஒன்றிலும் பிசகு இல்லை. அதற்குப் பிறகாவது சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். எனக்குக் கூடியது. நான் பார்ப்பது தெரிந்து ஒழுங்காகச் சுற்றுகிறார் என்று நினைத்தேன். ஏன் இத்தனை திரும்பி வருகிறது என்று முதலாளி கேட்டபோது, அந்த அம்மாமேல்தான் சந்தேகம் என்று சொல்லியும்விட்டேன். சனிக்கிழமையோடு அவரை நிறுத்திவிடலாம் என்றார் முதலாளி.

வெள்ளிக்கிழமை ஒரு பழைய சார்ஜர் வந்தது. போன வருஷம் செய்தது. மாடியிலிருந்து விழுந்து உடைந்திருந்தது, டிரான்சிஸ்டர் நன்றாக இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரில் கம்பிச் சுற்றுக்கு நடுவே இருக்கும் கருப்புக் கட்டி இரண்டு பாதியாகப் பிரிந்து கிடந்தது. அந்தப் பாதிகளுக்கு நடுவில் நாங்கள் ஒரு துண்டுக் காகிதம் வைப்போம். அந்த இடைவெளி குறைந்தால், சூடேறும்போது கட்டி காந்தத்தால் சீக்கிரம் நிரம்பிவிடும், மின்சாரம் எகிறி டிரான்சிஸ்டரில் விழும். உடைந்ததில் இருந்த காகிதத்தில் தங்க நிற எழுத்து தெரிந்தது.

உடனே செத்த சார்ஜர் ஒன்றைப் பிரித்தேன். அதில் நீல எழுத்து. இரண்டையும் விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினேன். தங்க எழுத்துக் காகிதம் தடி அட்டை. நீலம் அதில் பாதிகூட இல்லை.

அந்தக் காகிதம் வெட்டுவது நான்தான். முதலாளி மகள் கல்யாணத்தில் மீந்த பத்திரிகைகளில்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். அது தீர்ந்ததும், மாதா கோவில் திருவிழா அழைப்பிதழ் ஒரு கட்டு கிடந்தது, அதை வெட்டிக் கிண்ணத்தில் போட்டேன். கிண்ணத்தில் இருப்பதை எடுத்து வைப்பதுதான் அந்த அம்மாவின் வேலை.

பேசாமல் இருந்திருக்கலாம். திங்கட்கிழமையிலிருந்து தடி அட்டை வெட்டிப் போட்டால் சார்ஜர் சாகாது. அவர் போனதால்தான் சரியாயிற்று என்று எல்லோரும் நம்புவார்கள். சாயங்காலம் வரை அதையேதான் யோசித்தேன். யாரையெல்லாமோ சந்தேகப்பட்டவன், என்னை மட்டும் விட்டுவைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை இரண்டு காகிதத்தையும் முதலாளி மேசையில் வைத்தேன். சுற்று சரியாக இருந்தது, காகிதம் நான் வெட்டியது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். முதலாளி இரண்டு காகிதத்தையும் தடவிப் பார்த்தார். பிறகு, இதை முன்னாடியே பார்த்திருக்கக் கூடாதா என்றார். அந்த அம்மாவை நிறுத்தவில்லை.

அவர் சுற்றும் மேசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்ததும் கேட்டார்.

"எத்தினி அவுத்துப் பாத்தீங்க?"

"ஒம்பது."

"தெரியும். டேப்ப நான் இடப்பக்கம் முடிப்பேன். காலைல வந்து பாத்தா வலப்பக்கம் முடிஞ்சிருக்கும். நீங்கதான் கெடுத்து வெச்சிட்டு எம்மேல போடுறீங்கன்னு நெனச்சேன்."

கிண்ணத்தில் மிச்சமிருந்த நீலத் துண்டுகளைக் குப்பையில் கொட்டினேன்.

இப்போது காகிதத்தைத் தடிமன் பார்த்து வெட்டுகிறேன். சார்ஜர்கள் திரும்பி வருவதில்லை. ஆனால் நான் வெட்டிப் போடும் ஒவ்வொரு துண்டையும் அந்த அம்மா விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே வைக்கிறார். நான் பார்க்கும்போதே செய்கிறார். செய்யட்டும்.

எழுதிய நாள்: 16 ஆகஸ்ட் 2024, வெள்ளிக்கிழமை. பட்டறை லீவு.