நேர்வழியில் படித்த கோப்பு

நம்பாவிட்டால் போங்கள். அன்று நான் குடிக்கவில்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. 2008, ஹர்த்தால் நாள், பட்டப்பகல். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் எங்கள் கம்பெனி. அங்கே நான் மட்டும்தான்.

எங்களுக்குக் கெர்னலில் வேலை. கம்ப்யூட்டருக்கு அதுதான் அஸ்திவாரம். சாவி இல்லாமல் புரியாதபடி எழுத்தைக் குழப்பிப் பூட்டிய கோப்பைச் சாதாரணமாகப் படித்தால், அது மெமரிக்கு வந்து, அங்கேதான் பூட்டு திறக்கும். சில புரோகிராம்கள் வேகத்துக்காக மெமரியை விட்டுவிட்டு டிஸ்க்கில் நேராகவே படிக்கும், எழுதும். பூட்டிய கோப்பு என்றால் அந்த நேர்வழியை மறித்தாக வேண்டும். மறிக்காவிட்டால் படிப்பவனுக்குக் குப்பைதான் வரும். எழுதினாலோ கோப்பே நாசம்.

மறிக்காமல் விட்டவன் நான். ஒரு கிளினிக்கின் நோயாளிக் குறிப்புகள் முழுக்கப் பாழாகிவிட்டன. மேனேஜர் கத்தியபோது, "அந்தப் பகுதி வெங்கிட்டு பார்த்தது" என்றேன். வெங்கிட்டு எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரன். மறுவாரமே அவனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். இருபதாம் நாள் தோப்பும்படிப் பாலத்தில் பஸ் மோதிச் செத்துப்போனான்.

அவன் மனைவி மீனாக்ஷி, போயும் போயும் என்னிடம் வந்தாள்.

"துரைசேட்டா, யார் தப்புன்னு எல்லாம் எழுதி, ஆபீஸ் மெஷின்ல பூட்டி வச்சிருக்கார். திறந்து குடுங்கோ. ஊரெல்லாம் அவரைத்தான் ஏசறா."

"சாவி அவன் மனசுல இருந்துச்சு. இனி யாராலயும் முடியாது."

சொல்லும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. த்தூ, நானும் ஒரு மனுஷன்!

ஹர்த்தாலன்று அதை அழிக்கத்தான் போனேன். 3.12க்கு அவன் மெஷினைப் போட்டேன். கோப்பு இருந்தது. அழிப்பதற்கு முன்னால் நேர்வழியில் ஒருமுறை படித்தேன். குப்பைதான் என்று உறுதி செய்துகொள்ள.

குப்பைதான். நாலு வரி.

ஐந்தாவது வரி... தமிழ். அவன் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான்.

"நேர்வழியை மறின்னு ரெண்டு தடவை சொன்னேன், துரை."

உண்மை. சொன்னான். ஆனால் சாவி இல்லாமல் இது எப்படி வரும்?

3.14. மறுபடி படித்தேன். ஒரு வரி கூடியிருந்தது.

"நீ கேக்கலை."

கிரீச்... பக்கத்து நாற்காலி.

திரும்பவில்லை.

3.15. இன்னொரு வரி.

"அழிக்கவா வந்தே?"

ஓடினேன்.

மறுநாள், மெஷின்களைக் கவனிக்கும் ஜிதினிடம் மெல்லக் கேட்டேன். "வெங்கிட்டு மெஷின்ல ஒரு கோப்பு..."

"அந்த மெஷின்ல டிஸ்க்கே இல்லல்லோ, சேட்டா."

பெட்டியைத் திறந்து காட்டினான். டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலி. வெங்கிட்டுவை அனுப்பிய அன்றே கழற்றி, முழுக்கப் பூஜ்யமாக எழுதி அழித்து, தன் மேசை டிராயரில் போட்டிருந்தான்.

மீனாக்ஷியிடம் கொடுக்க இனி ஒன்றுமில்லை. அதைப் படித்தவன் நான் ஒருவன்தான். அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.